நூற்றுக்கு ஐந்து

பிரம்புக் கூடைக்குள் கைபேசி மறுபடியும் நடுங்கியது. புது மென்பொருளை டெப்ளாய் செய்கிறவர், அதாவது பயன்பாட்டுக்கு ஏற்றுகிறவர், கைபேசியைக் கவிழ்த்துக் கூடையில் போட்டுவிட வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம். எவனோ ஒருவன் மனைவியோடு போனில் சண்டை போட்டுக்கொண்டே தவறான பொத்தானை அழுத்தி, ஒரு கடையின் இணையதளத்தையே படுக்க வைத்த நாளிலிருந்து வந்த சட்டம். கவிழ்ந்து கிடந்தாலும் அழைப்பது யாரென்று சின்னவளுக்குத் தெரியும். அவளுடைய அக்கா, பெரியவள். வேறு யார் இப்படி விடாமல் அடிப்பார்கள்?

ஏன் அடிக்கிறாள் என்பதும் தெரியும். சின்னவள் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்த செயற்கை நுண்ணறிவு மாடலுக்கு ஒரே வேலைதான். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் அழைப்பு மையத்தில் ஊழியர்கள் பேசுவதைக் கேட்டு மதிப்பெண் போடும். மதிப்பெண் குறைந்தால் அந்த இருக்கையின் கணினி தானாகவே பூட்டிக்கொள்ளும். வேலை போனதற்கான கடிதமும் தானாகவே போகும். மனிதர்கள் யாரும் முகம் கொடுத்துச் சொல்லத் தேவையில்லை, அதுதான் அதன் பெருமை. முதலில் நூற்றுக்கு ஐந்து ஊழியர்களை மட்டும் புது மாடலுக்குத் திருப்பிவிடுவார்கள். பிழை வரவில்லையென்றால் பாதிப் பேர், பிறகு எல்லோரும். அந்த ஐந்திலேயே, அங்கே வேலை பார்க்கும் அக்காவின் ஊழியர் எண் திரையில் பூட்டு அடையாளத்தோடு வந்து நின்றது.

இதில் வேடிக்கை, மாடலுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததே அக்காதான். எது நல்ல அழைப்பு, எது மோசம் என்று பலர் உட்கார்ந்து குறிக்க வேண்டிய வேலை அது. நாள் போதவில்லை. வெளியே போகக் கூடாத அழைப்புப் பதிவுகளைச் சின்னவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மேலாளர் பார்த்தும் பாராத மாதிரி இருந்துவிட்டார். அக்கா விடுமுறை நாள்களில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வாத்தியாரம்மா மாதிரி உட்கார்ந்தாள். "பேசாம உக்காந்திருக்கா பாரு, வேலை தெரியாதவ," என்று மௌனம் வந்த இடமெல்லாம் 'மோசம்' போட்டாள். அவளுடைய சூப்பர்வைசர் அவள் மண்டையில் ஏற்றியது அது. ஆனால் அவள் உட்கார்ந்திருப்பது, இறந்தவர்களின் காப்பீட்டுப் பணம் கேட்டுக் கூப்பிடுகிற இறப்புப் பிரிவில். அங்கே கூப்பிடுகிறவர்கள் அழுவார்கள். அழுது முடிக்கிற வரைக்கும் அவளும் பேசாமல்தான் இருப்பாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் கூலிகூட வாங்காமல் செய்திருந்தாள்.

பழைய மாடலுக்குத் திரும்ப ஒரு வரிக் கட்டளை போதும். இறப்புப் பிரிவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஏன் முன்பே தெரியவில்லை, குறித்தது யார், எங்கே என்று கேள்விகள் வரும். டீம் லீட் பதவிக்குச் சின்னவளின் பெயர் போயிருந்த நேரம்.

"எரர் ஏதாவது இருக்காம்மா?" என்றார் பின்னால் நின்ற மேலாளர்.

"இல்ல சார்."

"அப்ப பாதிக்கு ஏத்து."

ஏற்றினாள். கூடை மறுபடி நடுங்கியது.

"யாரோ உன்மேல உசுரையே வெச்சிருக்காங்க போல," என்றார் அவர். அறை சிரித்தது. அவளும் சிரித்தாள். "நூறும் போட்டுடு, எல்லாரும் சாப்பிடப் போலாம்."

போட்டாள்.

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது, அக்கா கழுத்தில் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் இருந்தாள்.

"போன் பண்ணேனே, பாக்கலையாடி?"

"கூடையில இருந்துச்சுக்கா."

"நீதான் அனுப்பினியா?"

"டீம் அனுப்புச்சு."

"டீம்னா யாரு, வானத்துலேர்ந்து குதிச்சவங்களா?"

சின்னவள் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தாள். பிறகு, எந்தப் பிசாசு வாயைத் திறக்க வைத்ததோ, சொல்லிவிட்டாள். "சார் உன் மார்க்கிங்க ரொம்பப் பாராட்டினாருக்கா. இன்னும் கொஞ்சம் பதிவு குடுத்திருக்காரு. இனிமே நீ வீட்லதானே இருப்ப..."

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ கையை நீட்டி லேப்டாப்பை வாங்கினாள், ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். ஒன்றைக் கேட்டு 'நல்லது' போட்டாள். அடுத்ததற்கு 'மோசம்'. அதற்கடுத்த பதிவில் அவள் கை நின்றது. ஆள் தெரியாமலிருக்க ஊழியர்களின் குரலை மாற்றித்தான் கொடுப்பார்கள். கூப்பிடுகிறவர்களின் குரலை யாரும் மாற்றுவதில்லை.

"இந்த மனுஷனை எனக்குத் தெரியும்," என்றாள் அக்கா. "பொண்ணு செத்துப் போயிட்டான்னு கூப்பிட்டாரு. நான்தான் எடுத்தேன்."

ஹெட்செட்டைக் கழற்றித் தங்கையின் தலையில் மாட்டினாள். முடி சிக்காமல் ஒதுக்கிவிட்டு, மவுஸை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"இதுக்கு மட்டும் நீ மார்க் போடு."

காதில் ஒரு கிழவர் விக்கி விக்கி அழுதார். பிறகு அதுவும் அடங்கியது. யாரும் எதுவும் பேசவில்லை. யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. திரையில் குரல் கோடு ஏற்ற இறக்கமில்லாமல் நீண்டுகொண்டே போக, அதன் கீழே இரண்டு பொத்தான்கள் காத்திருந்தன.