வலப்பக்கத்து இதயம்

எங்கள் வீட்டில் மாமனார் எதிரே மருமகள் குரல் உயர்த்தும் வழக்கம் இல்லை. அன்று ஸ்கேன் அறையின் ஒலிபெருக்கியில், "அசையாதீங்க மாமா!" என்று என்னை அதட்டியது என் மூத்த மருமகள்தான்.

இடது அடிவயிற்றில் வலி. வாயு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். காய்ச்சலும் சேர்ந்ததும், அவள் சி.டி. ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கே மகன் கொண்டு வந்துவிட்டான். வேறு யாராவது எடுக்கட்டும் என்றேன்.

"உயிர் போனாலும் பரவாயில்ல, கௌரவம் போகக் கூடாது. அப்படித்தானேப்பா?" என்றான்.

மேசை என்னைச் சுமந்து வளையத்துக்குள் போய் வந்தது. முதல் படம் எடுத்ததும் கதவு திறந்தது. மருமகளின் முகம் வெளுத்திருந்தது.

"மாமா, நீங்க மல்லாந்துதானே படுத்திருக்கீங்க? தலை வளையத்துப் பக்கம்தானே?"

"ஏன், கண்ணு தெரியலையா?"

"தெரியுது. இருந்தாலும் கேக்கறேன். படுத்திருக்கிற விதத்தை மெஷின்ல தப்பாப் போட்டா படத்துல இடது வலதாயிடும். அதை நம்பி ஆபரேஷன் பண்ணினா கத்தி வேற பக்கம் போயிடும்."

"இப்ப என்ன ஆச்சு?"

"இதயம் வலது பக்கம் தெரியுது. ஒண்ணு, நான் தப்பு பண்ணியிருக்கணும். இல்ல, நீங்களே அப்படி."

"எங்க பரம்பரையில யாருக்கும் எதுவும் இடம் மாறினதில்ல."

"எல்லாரையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தீங்களா?" என்றாள். வீட்டில் இப்படிக் கேட்டிருக்க மாட்டாள்.

சின்ன உலோகத் துண்டு ஒன்றை என் வலது தோளில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டு மறுபடி படம் எடுத்தாள். திரும்பி வந்தவளின் குரல் தணிந்திருந்தது. "துண்டும் இதயமும் ஒரே பக்கம் மாமா. வலது மார்புல கை வச்சுப் பாருங்க."

வைத்தேன். உள்ளங்கைக்கு அடியில் துடித்தது. நெஞ்சில் கை வைத்து நான் கொடுத்த வாக்கெல்லாம், ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டியதுதானா!

"இப்ப படம் தெளிவா விழறதுக்கு ஊசி வழியா மருந்து ஏறும். உடம்பெல்லாம் சூடாகும். ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும். ஆனா போயிருக்க மாட்டீங்க, பயப்படாதீங்க."

மருமகள் வாயால் இதையும் கேட்க வேண்டியிருந்தது. அவள் சொன்னபடியேதான் இருந்தது. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றாள், பிடித்தேன். "விடுங்க" என்றாள், விட்டேன்.

ஸ்ட்ரெச்சரை அவளுடைய கணினித் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். "நோய் என்னன்னு டாக்டர்தான் சொல்லணும். எது எங்க இருக்குன்னு மட்டும் காட்டறேன்" என்றாள். அவள் விரல் அசைய அசைய, நான் ஏடு ஏடாக விரிந்தேன். வலப்பக்கம் சாய்ந்த இதயம். இடப்பக்கம் முழுக்க ஈரல். எந்தக் கொத்தனாராவது ஒரு வீட்டை இப்படி இடவலம் மாற்றிக் கட்டினால் ஒரு கதவாவது சுவரில் இடிக்கும். இங்கே எதுவும் எதிலும் இடிக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இத்தனை காலம் நடந்திருக்கிறது.

"வெளியே தெரிய வேண்டாம்மா."

"என் வாயிலிருந்து வராது. ஆனா ஆபரேஷன் பண்றவருக்குத் தெரிஞ்சே ஆகணும்."

அறுவை மருத்துவர் வந்து திரையைப் பார்த்துப் புருவம் சுருக்கினார். "குடல்வால் அழற்சிதான். வெடிக்கிற நிலைமையில இருக்கு. ஆனா படம் திரும்பியிருக்கோ? இன்னொரு தடவை எடுக்கலாமா?"

"அடையாளம் வச்சு எடுத்துட்டேன் சார். குடல்வாலும் இடது பக்கம்தான்."

அவர் அப்போதும் தயங்கினார். எனக்கு வலி பொறுக்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண்ணின் சொல் அந்தரத்தில் நிற்பது அதைவிடப் பொறுக்கவில்லை.

"எங்க வீட்டுப் பொண்ணு இடதுன்னா இடதுதான். சந்தேகம்னா இங்க வச்சுக் கேளுங்க" என்று வலது மார்பைக் காட்டினேன்.

ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் வெகுநேரம் கழித்துத்தான் எடுத்தார். எடுத்தபோது அவர் கண்கள் விரிந்திருந்தன. என் இடது அடிவயிற்றில் பேனாவால் குறி போட்டார்.

மருமகள் குனிந்து, குறியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் "சரி" என்ற பிறகுதான் வண்டியைத் தள்ள விட்டேன்.