மேற்குச் சுவர் காயும் வரை

பெயின்ட் கடையில் அவர் விற்றது டப்பாதான். ஆனால் முதலாளி அச்சடித்துக் கொடுத்த அட்டையில் ‘சுவர் ஆலோசகர்’ என்று இருந்தது. அட்டை கைக்கு வந்த நாளிலிருந்து அவர் டப்பா விற்பதை விட்டுவிட்டார். ஆலோசனை சொன்னார், டப்பா தானாகப் போயிற்று. வெள்ளை வேண்டும் என்று வருகிறவரிடம், “எந்த வெள்ளை?” என்று கேட்டு ஒருமுறை கண்ணை மூடித் திறப்பார். அதற்குள் வந்தவர், இத்தனை காலம் வெள்ளையைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் வாழ்ந்துவிட்டோமே என்று கூனிப்போவார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்ப ஆள் இருக்கும் வரை ஆலோசகர்களுக்கு என்ன குறை?

அவருடைய ஆலோசனைகளுக்கெல்லாம் சிகரம், அவர் வீட்டுப் படுக்கையறையின் மேற்குச் சுவர். கடையில் இருக்கும் மாதிரி அட்டைகள் உள்ளங்கை அகலம்தான். பெரிய வாடிக்கையாளருக்கு அது போதுமா? “என் வீட்டுச் சுவரையே வந்து பாருங்க சார், ஓதம், ஈரம் கிட்ட வராது” என்று கையோடு கூட்டி வந்துவிடுவார். மனைவி அவசரமாகப் படுக்கை விரிப்பை உதறி, கொடியில் கிடக்கும் துணிகளை அள்ளி அலமாரிக்குள் திணித்துவிட்டு, அடுப்படியில் போய் நின்றுகொள்வாள். முன்பின் தெரியாத குடும்பங்கள் அவள் தலையணைக்கு அருகில் நின்று சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகும். பொருட்காட்சி என்றால் டிக்கெட்டாவது போடக் கூடாதா என்று அவள் கேட்டதுண்டு. முதலாளியிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று அவரும் பதில் சொன்னதுண்டு.

சுவருக்கு மறுபக்கம் குளியலறை. மழைக்காலம் வந்தால் கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள் முளைக்கும். முதலில் யாரோ மிளகைத் தூவினாற்போல, பிறகு அடையடையாக. ஆலோசகர் அதைச் சுரண்டி, பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்து, மேலே பூசிவிடுவார். அவர் தொழிலில் ஒரு கை பூசிச் சரியாகாதது இரண்டாவது கையில் சரியாகும். அதிலும் சரியாகாதது வாடிக்கையாளரின் கண்கோளாறு. இப்படிப் பூசிப் பூசி அறையே ஒரு விரற்கடை சிறுத்துவிட்டது என்பது மனைவியின் கணக்கு. தூசி படிந்து பளபளப்பு போய்விடும் என்று அந்த அறை ஜன்னலையும் அவர் திறக்க விடுவதில்லை.

அவளுக்கு இளைப்பு சின்ன வயதிலிருந்தே உண்டு; ஆனால் கல்யாணத்துக்குப் பிறகுதான் அது குடும்ப உறுப்பினர் ஆயிற்று. படுத்தால் நெஞ்சுக்குள் விசில் ஊதும். விடியும்போது இருமல். மாடிப்படி ஏறினால் நின்று நின்றுதான் வர முடியும். நெஞ்சு மருத்துவர் ஓர் அம்மாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டில் எங்காவது பூஞ்சை இருக்கிறதா என்றார். ஆலோசகர் அடிபட்டவர்போல நிமிர்ந்து, தம் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். டாக்டர் அதைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில், தினமும் காலை மாலை எடுக்க வேண்டிய இன்ஹேலர் எது, மூச்சு முட்டினால் மட்டும் எடுக்க வேண்டியது எது, எடுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும் என்றெல்லாம் எழுதி அவளிடமே கொடுத்தார்.

“மருந்து பாதி வேலைதான் செய்யும்” என்றார். “மீதிய வீடு செய்யணும். பூஞ்சை மேல பெயின்ட் அடிச்சா அது செத்துடாது, உள்ள உக்காந்துக்கும். தண்ணி எங்கிருந்து வருதுன்னு முதல்ல பாருங்க.”

கூடவே ஒரு பிளாஸ்டிக் குழாயும் தந்தார். மூச்சை இழுத்து ஒரே வீச்சில் ஊதினால் முள் நகரும். பச்சைப் பட்டையில் நின்றால் நலம், மஞ்சளில் நின்றால் கவனம், சிவப்பில் நின்றால் மருத்துவமனை. கடையில் அலமாரி அலமாரியாகப் பச்சை வைத்திருந்தவரின் வீட்டில் அந்த முள் ஒருநாளும் பச்சையைத் தொடவில்லை. மஞ்சளில் போய் நின்று கொட்டாவி விட்டது. ஊருக்குள்ளேயே மறுகோடியில், மொட்டைமாடியை ஒட்டிய வெயில் வீட்டில் அவளுடைய அக்கா இருந்தாள். அங்கே போய்த் தங்கிய வாரம் முள் பச்சைக்குப் போய்விட்டது. வீடு திரும்பியதும் மறுபடி மஞ்சள்.

அவர் இல்லாத வீட்டில் அவள் நன்றாக மூச்சு விட்டாள். எந்தப் புருஷனுக்கும் இது சின்ன அடி அல்ல.

சரி, சுவர் சரியாகும் வரை அக்கா வீட்டிலேயே இரு என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். அவர் முன்னைவிடச் சிரத்தையாகச் சுரண்டி, முன்னைவிட உசத்தியான பூச்சு பூசினார். நாலு நாளில் போன் பண்ணி, “சுவர் காஞ்சு கல்லு மாதிரி ஆயிடுச்சு, வா” என்றார். தலையணை உறையை மாற்றி, அவளுக்குப் பிடித்த பக்கத்தில் விளக்கைத் திருப்பி வைத்துக் காத்திருந்தார். வந்தாள். புது மணப்பெண் வந்ததுபோல வீடு முழுக்க அவள் பின்னாலேயே நடந்தார். அடுத்த நாள் காலை அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினாள். அவசர இன்ஹேலருக்கும் அடங்கவில்லை. முள் சிவப்பில் நின்றது. ஆட்டோவில் போகும்போது அவள் தோள் எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் மேலெழுந்து இறங்குவதை அவர் கைக்குள் உணர்ந்தார்.

மருத்துவமனையில் முகமூடி வழியாக மருந்துப் புகை போய், நெஞ்சு தளர்ந்து, பேச்சு வந்ததும் அவள் சொன்னாள்:

“நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் சொல்லல. காஞ்சிருச்சுன்னு நீங்க நம்பிட்டீங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

அவள் நேராக அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அக்காவின் கணவர், அதாவது ஆலோசகரின் சகலை, ஓய்வுபெற்ற துணை இயக்குனர். எந்த இலாகாவுக்கு என்று வாசல் பலகை சொல்லாது. பதவி பெரிய எழுத்தில் இருக்கும்; ‘ஓய்வு’ என்பது எறும்பே கண்ணாடி போட்டுத்தான் படிக்க வேண்டிய எழுத்தில் இருக்கும். ஆள வேறு இலாகா இல்லாததால் மச்சினியின் மூச்சைக் கையில் எடுத்துக்கொண்டார். பூஞ்சை வீட்டிலிருந்து வருகிறவர் வாசலிலேயே சட்டை மாற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஆகவே ஆலோசகர் தினமும் மாலை மனைவியைப் பார்க்கப் போகும்போது சகலையின் பழைய சட்டைக்குள் நுழைய வேண்டியிருந்தது. அதற்குள் இரண்டு ஆலோசகர்கள் தாராளமாகக் குடித்தனம் நடத்தலாம். கை எங்கே என்று அவர் தேடிக்கொண்டிருக்கும்போது, சகலை நடுநாற்காலியில் உட்கார்ந்து சுவாசம் என்பது என்ன என்று ஆரம்பிப்பார்.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும், மூச்சை எண்ணி விட்டாலே போதும், தான் பதவியில் இருந்தபோது எண்ணித்தான் விட்டேன் என்று ஒருநாள் சொன்னார்.

“பல்லு தேய்க்கிறதும் பழக்கம்தானே அத்தான்” என்றாள் அவள். “அதையும் விட்றலாமா?”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். ஆலோசகருக்கும் சிரிப்பு வந்தது. இந்த வாய் இப்படிப் பேசி எத்தனை நாள் ஆயிற்று! அவர் வீட்டில் இருந்தபோது அவள் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு இருமுவாள். இங்கே முழுசாக முடித்துவிட்டு ஆளையும் வீழ்த்துகிறாள்.

நடுநாற்காலி காலியாகாததால், பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று அவள் அவரோடு தெருமுனை வரை வருவாள். பஸ் வரும். “ரொம்பக் கூட்டம்” என்பார். அடுத்ததில் நாலு பேர்கூட இருக்க மாட்டார்கள். “ஓட்டுனர் முகமே சரியில்ல” என்பாள் அவள். அதற்கும் அடுத்ததைப் பற்றி இருவரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், அதுவும் போய்விடும். பேச்சு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. பால் பொங்கி வழிகிறதா, பச்சைச் சேலையை வெயிலில் போட்டீர்களா, வேலைக்காரி வருகிறாளா. அவர் ஒவ்வொன்றுக்கும் சாட்சிக்கூண்டில் நிற்பவர்போல விவரமாகப் பதில் சொல்வார். பச்சைச் சேலையில் பூஞ்சை வாடை ஏறியிருந்ததை மட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பினால், நின்றபடியே சாப்பாடு. ஒரு தட்டு, ஒரு டம்ளர். விளக்கை அணையுங்கள் என்று சொல்ல ஆள் இல்லாததால் விளக்கு தன் பாட்டுக்கு எரிந்தது. படுக்கையில் அவளுடைய பக்கம் சுருக்கமே விழாமல் கிடந்தது. எல்லாவற்றையும்விட வெட்கமான ஒன்று உண்டு: அந்த நெஞ்சு விசில் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வரவில்லை. அவளுக்கு நோவாக இருந்தது அவருக்குத் தாலாட்டாக இருந்திருக்கிறது. இதை எந்த முகத்தோடு யாரிடம் சொல்வது?

ஒரு ஞாயிறு காலை, முதலாளி ஒரு பெரிய வாடிக்கையாளரைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்ததால், சுவரைத் துடைக்கக் கட்டிலை இழுத்தார். தலைமாட்டுக்குப் பின்னால் பூச்சு சின்னக் கொப்புளமாய் எழும்பியிருந்தது. தடவியே சரிசெய்துவிடலாம் என்று உள்ளங்கையை வைத்தார். கொப்புளம் உடைந்தது. விளிம்பைப் பிடித்து மெல்ல இழுத்தார். தோல் உரிவதுபோல உரிந்து வந்தது; நின்றபாடில்லை. கல்யாணத்துக்கு அடித்த யானைத்தந்த நிறம், அவருக்கு அட்டை கிடைத்த வருடத்து இளமஞ்சள், போன மழைக்கு அடித்த சாம்பல் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ரொட்டி அடுக்குப்போலக் கையில் தொங்கின. அதற்குப் பின்னால் கன்னங்கரேலென்று, ரோமம் முளைத்தாற்போல, அவள் தலை வைத்துப் படுக்கும் உயரத்தில், அத்தனை வருட மழையும் உட்கார்ந்திருந்தது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, ஜன்னலைத் திறந்தார். தச்சன் ஆணி அடித்த மாதிரி இறுகிப்போயிருந்தது. தோளைக் கொடுத்துத்தான் திறக்க முடிந்தது. குழாய்க்காரருக்கும் கொத்தனாருக்கும் போன் பண்ணிவிட்டு, உளியும் சுத்தியலுமாய்த் தாமே காரையைத் தட்டத் தொடங்கினார். முதலாளி வரும்போது சுவரின் பாதி தரையில் கிடந்தது. செங்கல் வெளியே தெரிய, நடுவில் குளியலறைக் குழாயின் இணைப்பிலிருந்து தண்ணீர் சொட்டுச்சொட்டாய், எந்த அவசரமும் இல்லாமல் கசிந்துகொண்டிருந்தது.

முதலாளி கடைக்காரர் என்றால் கடைக்காரர். வாசலில் ஒரு கணம் திகைத்தவர், உடனே வாடிக்கையாளர் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். இதுதான் இப்போது புதுசு, செங்கல் தோற்றம், வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான், வேண்டுமென்றே பூச்சை எடுத்துவிடுகிறார்கள் என்றார். வாடிக்கையாளரும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஆமாம், ஓர் இயற்கைத்தன்மை இருக்கிறது என்றார். அவருடைய மனைவி, தங்கள் ஹாலுக்கும் இதேபோல் வேண்டும் என்றாள். அந்த ஈரப் பளபளப்புகூட வேண்டுமாம்.

ஒரே ஒரு தலையாட்டல் போதும். சுவர் பிழைத்திருக்கும், அட்டையும் பிழைத்திருக்கும்.

“இது டிசைன் இல்லைங்க” என்றார் ஆலோசகர். “ஓதம். குழாய் ஒழுகுது. நான் இத்தன வருஷமா மேல பூசிட்டே இருந்தேன். என் வீட்டம்மாவால இந்த ரூம்ல மூச்சு விட முடியல.”

திங்கட்கிழமை அவரைச் சாயம் கலக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் மாற்றிவிட்டார்கள். அங்கே அட்டை தேவைப்படாது, ஆலோசனையும் தேவைப்படாது. பொத்தானை அழுத்தினால் இயந்திரமே எந்த வெள்ளை என்று கேட்டுக்கொள்ளும்.

குழாயை மாற்றியாயிற்று. கறுத்த காரையையெல்லாம் மூட்டை கட்டி வெளியேற்றியாயிற்று. குளியலறையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி வைத்தாயிற்று. மெத்தையைத் தூக்கிப் போட்டார். துணிகளைக் கொதிநீரில் அலசினார். இனிச் செய்ய ஒன்றுதான் பாக்கி: சும்மா இருப்பது. ‘அரை மணியில் காயும்’ என்று டப்பாவைக் காட்டிப் பேசியே வயிறு வளர்த்தவர், ஒரு செங்கல் சுவர் தன் பாட்டுக்குக் காயட்டும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடித்தாள் ஒன்றைச் சுவரில் நாலு பக்கமும் ஒட்டி வைத்தார். உள்ளே ஈரம் இருந்தால் தாளின் உட்புறம் வேர்க்கும். முதல் வாரம் அது அழுத பிள்ளையின் முகம்போல இருந்தது. பிறகு துளிகள் சிறுத்தன. பிறகு எண்ணிவிடலாம்போல ஆயின.

காரைத் தூசியோடு அங்கே போக வேண்டாம் என்று அவர் போவதை நிறுத்தியிருந்ததால், அவள் தினமும் மாலை போனில் கேட்பாள். அவர் இருப்பதை இருப்பதாகச் சொல்வார். அவர் பேச்சில் அடைமொழிகள் குறைந்துவிட்டதை அவள் கவனித்தாள். உடம்பு சரியில்லையா என்றுகூடக் கேட்டாள்.

அன்றும் போன் வந்தது. சகலை இப்போது அவளுடைய மூச்சுக்கு ஒரு வரைபடம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாராம். அக்கா நல்லவள்தான், ஆனாலும் பிறத்தியார் வீட்டுச் சமையலறையில் உப்பு டப்பா எங்கே என்று தேடுவது எத்தனை நாளைக்கு? அவள் குரல் தாழ்ந்தது.

“ஒரு ராத்திரி மட்டும் வந்து பாக்கட்டுமாங்க? மருந்தெல்லாம் ஒழுங்கா எடுக்கறேன். முள்ளு பச்சையிலதான் நிக்குது. சுவரு காஞ்சிருக்கும்ல இந்நேரம்?”

அவர் போனைக் காதில் வைத்தபடி சுவரருகே போனார். கண்ணாடித்தாளின் உட்புறம் துளி இல்லை. மூலையில் மட்டும் மெல்லிய ஆவி, கண்ணாடியில் யாரோ ஒரு தரம் ஊதினாற்போல. கடையில் நின்றிருந்தால் இதைக் காய்ந்த சுவர் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பார். விரலால் துடைத்தால் போய்விடும், யாருக்குத் தெரியப்போகிறது? அவள் ஆட்டோ பிடித்து அரை மணியில் வந்துவிடுவாள். அந்தக் கட்டில், அந்த விளக்கு, அந்த அதட்டல்.

“வருவியா?” என்று அவர் வாய் கேட்டுவிட்டது.

“வான்னு சொல்லுங்க.”

அவர் தாளை ஒரு மூலையில் உரித்து, செங்கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். சில்லென்று இருந்தது.

“இல்லம்மா” என்றார். “இன்னும் ஈரம் இருக்கு. வராத.”

உரித்த மூலையை மறுபடி ஒட்டினார். கோபித்துக்கொண்டாளோ என்று நினைத்தார்.

“ஜன்னல் தொறந்திருக்கா?” என்றாள்.

“தொறந்துதான் இருக்கு.”

“கொசு வருமே.”

“வருது.”

“வலை கட்டிக்கோங்க. மேல் தட்டுல, இடது பக்கம் இருக்கு.”

அவர் சரி என்றார். வைத்துவிடுகிறேன் என்று அவள் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மேல் தட்டில் வலையைத் தேடத் தொடங்கினார். இடது பக்கம் என்றால் யாருக்கு இடது என்று கேட்டார். அவள் விளக்க ஆரம்பித்தாள்.