ஐந்தாவது விளையாட்டில் வென்றது யார்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை, பட்டியல் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நாகசாகியில் மறைக்கல்வி ஆசிரியர்களுக்குச் சின்னதாக ஒரு கையேடு போடுகிறார்களாம். ‘கோடை வகுப்புப் பிள்ளைகளுக்கான ஓடியாடும் குழு விளையாட்டுகள், ஐந்து, ஒரு பக்கத்துக்கு மிகாமல்’ என்று கேட்டு எங்கள் தீவின் கத்தோலிக்கக் கோவிலுக்குக் கடிதம் வந்தது. சாமியார் அதை அப்படியே என் தலையில் கட்டினார். “நீங்கதான் கதையெல்லாம் எழுதுவீங்களே, இது என்ன பெரிய வேலை?” என்றார். கோவில் அடுப்படியில் பார்லித் தேநீர் காய்ச்சுகிறவள் ஓய்வு நேரத்தில் கதையும் எழுதினால் ஊரில் அவளுக்கு இந்த மரியாதைதான்.

ஒவ்வொரு விளையாட்டுக்கும் நான்கு வரி எழுத வேண்டும். ஆட்கள், தேவையானவை, ஆடும் முறை, வெல்பவர். இடுப்பில் துணிவால் செருகிக்கொண்டு அடுத்தவன் வாலைப் பிடுங்குவது, நாற்காலியைச் சுற்றி ஓடுவது, மடிக்க மடிக்கச் சிறுத்துப்போகும் செய்தித்தாளில் கூட்டமாக நிற்பது, உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி ஓடுவது. நான்கும் அரை மணி நேரத்தில் முடிந்தன.

ஐந்தாவதில் மூன்று வரி எழுதினேன். நான்காவது வரியில் ‘வெல்பவர்’ என்று எழுதி முக்காற்புள்ளி வைத்தேன். நாலு நாளாயிற்று, பேனா அதைத் தாண்ட மாட்டேன் என்கிறது. அதனால்தான் இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: ‘அன்று கடல் அமைதியாக—’

வேண்டாம். அன்று கடலை யார் பார்த்தார்கள்?

இரண்டாவது: ‘சிசே ஒரு தவறு செய்தாள். அது—’

இதுவும் வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே அவளைக் கூண்டில் ஏற்றினால் நீங்கள் தீர்ப்பு எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.

மூன்றாவது: ‘சிசேக்கு விசில் ஊதப் பிடிக்கும்.’

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

சிசேக்கு விசில் ஊதப் பிடிக்கும். முப்பத்தொரு வயது. வருஷம் முழுக்கப் படகுத்துறையில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து கொட்டாவி விடும்போது அவளுக்கு அழுகை வரும். “உக்கார வச்சு உக்கார வச்சு பெஞ்சுதான் தேயுது. கோடை வகுப்புலயாவது ஓட விடும்மா” என்றார் சாமியார். சிசே கப்பலேறிப் போய் ஒரு நாள் பயிற்சி வாங்கி வந்தாள். அங்கே கற்றுக்கொண்டதுதான் ஐந்தாவது விளையாட்டு.

தரையில் படங்களைப் பரப்ப வேண்டும். ஒரு பெயரைக் கூவி விசில் ஊத வேண்டும். பிள்ளைகள் ஓடிப்போய் அந்தப் படத்தின் மேல் நிற்க வேண்டும். முதலில் நிற்பவருக்குப் புள்ளி. தப்பான படத்தில் நின்றால் அவுட்.

பயிற்சியில் ஆப்பிள், திராட்சை, தர்ப்பூசணி என்று பழங்களை வைத்து ஆடினார்கள். சிசேக்கு அது போதவில்லை. கோவில் விளையாட்டு கோவில் விளையாட்டாக இருக்க வேண்டாமா? மூன்று மதிய இடைவேளைகள் டிக்கெட் அறையில் உட்கார்ந்து பழைய கோவில் நாட்காட்டிகளை வெட்டினாள். நோவாவின் பேழை, யோனாவின் மீன், எலியாவுக்கு அப்பம் கொண்டுவந்த காகம், கிணறு, விளக்கு என்று அட்டையில் ஒட்டினாள். எல்லாவற்றிலும் பெரியதாக இயேசுவின் முகம். அதை மட்டும் மூன்றாம் நாளின் கடைசி ஆட்டத்துக்கென்று எடுத்து வைத்தாள். அவுட்டானவர்களும் அதற்குத் திரும்பி வரலாம். அதில் முதலில் நிற்பவர்தான் வெற்றியாளர்.

“நல்லதைக் கடைசிக்கு வைக்கணும்ல அக்கா?” என்று என்னிடம் காட்டினாள்.

“ரொம்ப அழகா இருக்குடி” என்றேன்.*

* இந்த அடிக்குறிப்பை நான் எழுதியே ஆக வேண்டும். அந்தப் படத்தை நான் பார்த்தேன், சாமியார் பார்த்தார், பீடத்துக்குப் பூ வைக்கிற அம்மாளும் பார்த்தார். எல்லோரும் இந்தத் தீவில் பிறந்தவர்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. வெளியூர்க்காரர் யாராவது நின்றிருந்தால், “ஏங்க, நீங்க போயா இப்படி?” என்று கேட்டிருப்பார்.

3

எட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். ஏழு பேர் தீவுப் பிள்ளைகள், நடக்கத் தெரியும் முன்பே சிலுவை போடத் தெரிந்தவர்கள். எட்டாவது மினோரி. வயதும் எட்டு. கடலில் சூரை மீன் வளர்க்கும் கூண்டுகளில் வேலை கிடைத்து அவள் அம்மா ஏப்ரலில்தான் இங்கே வந்தாள். அந்த வீட்டுக்கும் கோவிலுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. பிறகு ஏன் வந்தாய் என்று மினோரியைக் கேட்டதற்கு, “இங்கதான் பிள்ளைங்க இருக்காங்க” என்றாள்.

[முதலில் அவளைப் பயந்த சுபாவக்காரியாக எழுதினேன். உங்கள் இரக்கத்தைச் சம்பாதிக்க அது சுலபமான வழி. சுத்தப் பொய். மினோரிக்கு ஜெயிக்க வேண்டும் என்று வெறி. விசிலுக்குக் காத்து நிற்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.]

ஓட்டத்தில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. எங்கே ஓடுவது என்பதுதான் அவளுக்குத் தெரியாது. “யோனா!” என்று சிசே கூவினால் ஏழு பேரும் மீனுக்குப் பாய்வார்கள். இவள் எல்லோருக்கும் முன்னால் போய்க் கிணற்றின் மேல் நிற்பாள்.

“அவுட்டு! அவுட்டு! தோத்தாங்கோளி!” என்று கூத்தாடுவான் ரின்தாரோ. பதினோரு வயது, கோவில் மணியைவிடப் பெரிய தொண்டை. “யோனா கிணத்துலயா இருந்தாரு? தண்ணி எறைக்கவா போனாரு?”

“போடா!”

“நீ போடி! மொதல்ல போய் உக்காரு!”

இரண்டாம் நாள் அவள் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

“அத்தை, யோனான்னா யாரு?”

“மீன் வயித்துல மூணு நாள் இருந்தவரு.”

“செத்துட்டாரா?”

“இல்ல, வெளிய வந்துட்டாரு.”

“சரி, அடுத்தவரைச் சொல்லுங்க. சீக்கிரம்.” விரலை மடக்கிக்கொண்டாள். “ஒரு தடவை ஜெயிச்சாப் போதும் அத்தை. அம்மாகிட்ட சொல்லணும். நாளைக்கும் அவுட்டானேன்னா இனிமே இங்க வரவே மாட்டேன்.”

நான் அதைச் சிசேயிடம் சொன்னேன். அவள் முகம் வாடிப்போயிற்று. “நாளைக்கு எப்படியாவது அவளை ஜெயிக்க வச்சிடணும்க்கா” என்றாள்.

4

மூன்றாம் நாள். கோவிலை ஒட்டிய கூடத்தில் மரத்தரை. செருப்பெல்லாம் வாசலில். எட்டு ஜோடி வெறுங்கால்கள்.

மினோரி காகத்தில் அவுட்டாகி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். சிசே கடைசிப் படத்தைக் கொண்டுவந்து கூடத்தின் மறுகோடியில் வைத்தாள். “எல்லாரும் எழுந்து வாங்க! இதுதான் கடைசி!” பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். நான் தேநீர்க் குவளைகளோடு வாசலில் நின்றேன்.

“இயேசு!” விசில்.

மினோரிக்கு இந்த முகம் தெரியும்! மூன்று நாளில் அவளுக்குத் தெரிந்த முதல் முகம். கிறிஸ்துமஸ் சமயத்துக் கடைகளில் பார்த்திருக்கிறாள். தலைமுடி பறக்க ஓடினாள். இரண்டு கால்களையும் சேர்த்துத் தாவி, தொப்பென்று படத்தின் நடுவில் போய் நின்றாள்.

“நான்தான் ஃபர்ஸ்ட்டு!”

மற்ற ஏழு பேரும் அவளுக்கு ஒரு கை தூரத்தில், கிணற்று விளிம்பில் நின்றதுபோல் நின்றுவிட்டார்கள். ரின்தாரோ ஓடிவந்த வேகத்தில் முன்னால் விழப்போய், பக்கத்தில் இருந்தவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

“நான் ஜெயிச்சுட்டேன்தானே?” என்றாள் மினோரி. அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

5

இதை முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நடக்கப்போவதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். கடைசியில் சொன்னால், ஒளித்து வைத்து ஏமாற்றிவிட்டாள் என்பீர்கள். அதனால் இங்கே சொல்கிறேன்.

முன்பு இந்த நாட்டில் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்தபோது, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக, எங்கள் முன்னோர் இருந்த பக்கங்களில் ஆண்டுக்கொரு முறை அதிகாரிகள் வருவார்கள். இயேசுவின் உருவத்தையோ மாதாவின் உருவத்தையோ தரையில் வைப்பார்கள். ஊரே வரிசையில் வர வேண்டும். வெறுங்காலோடு மிதித்தால் வீட்டுக்குப் போகலாம். மிதிக்க மறுத்தால் சிறை, சித்திரவதை, சாவு.

இந்தத் தீவில் எல்லா வீட்டுக்கும் இந்தக் கதை உண்டு. சிசே வீட்டிலும் உண்டு, என் வீட்டிலும் உண்டு. நாங்கள் வாய்விட்டுச் சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. மறுத்தவர்கள் செத்துப்போனார்கள். நாங்கள் இன்று உயிரோடு இருக்கிறோம் என்றால், எங்கள் குடும்பத்தில் யாரோ மிதித்திருக்கிறார்கள். மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறார்கள்.

அந்த வம்சத்துப் பெண் தன் கையாலேயே படத்தை வெட்டி, தரையில் வைத்து, வரிசையில் நிற்கச் சொல்லி, விசில் ஊதியிருக்கிறாள். சிசேக்கு அது அப்போதுதான் உறைத்தது.

6

இந்த இடத்தில் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘சிசே பாய்ந்து போய்ப் படத்தை உருவினாள், மினோரி தடுமாறி—’ சிசே அப்படிச் செய்யவில்லை. அவள் கால் நகரவே இல்லை.

‘“பரவாயில்லை கண்ணு” என்று சொல்லி அவள் மினோரியைத் தழுவி—’ நல்ல டீச்சர் என்றால் அப்படித்தான் செய்வாள். ஆனால் சிசேயின் வாயில் விசில் அப்படியே இருந்தது, சத்தமில்லாமல்.

மூன்றாவதில் சாமியாரை உள்ளே வரவழைத்தேன். அவர் அன்று பல்வைத்தியரிடம் போயிருந்தார்.

நடந்ததையே எழுதுகிறேன், எனக்கே நம்பிக்கையில்லாத ஆள் ஒருவன் அதில் வந்தாலும்.

ரின்தாரோ குப்புறப் படுத்தான்.

“காலைத் தூக்கு” என்றான்.

“எதுக்கு?”

“தூக்குடின்னா!”

மினோரி ஒரு குதிகாலைத் தூக்கினாள். அவன் உள்ளங்கையைப் படத்தின் மேல் விரித்து உள்ளே நுழைத்தான். “அடுத்த கால்.” அடுத்த கையும் போயிற்று. இப்போது அவள் அவனுடைய இரண்டு புறங்கைகளின் மேல் நின்றாள், விழாமலிருக்க அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு.

“டீச்சர், பாத்துக்கோங்க! இவ என் கைமேலதான் நிக்கிறா. படத்தை யாரும் மிதிக்கல. யாருமே மிதிக்கல!”

“அழுகுணி! நான்தான் மொதல்ல வந்தேன்!”

“வாயை மூடிட்டு நில்லுடி!”

அப்புறம் மற்ற ஆறு பேரும் வந்தார்கள், யாரும் கூப்பிடாமல். ஒருத்தி மினோரியின் முழங்கையைத் தாங்கினாள், ஒருவன் மறுபக்கம் தோள் கொடுத்தான், இன்னும் இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார்கள். எட்டாத இரண்டு பொடிசுகள் அவள் கால்சட்டையைப் பிடித்து மேலே இழுத்தன. அவள் பாரம் அவன் கையில் இறங்கிவிடக் கூடாதாம். பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு பிள்ளைகள் ஒருத்தியைத் தாங்கி நின்றார்கள்.

எனக்குக் குவளைகளைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. இருநூறு வருஷமாக எத்தனை பெரியவர்கள் அந்த வரிசையில் நின்றிருப்பார்கள்! ஒருவருக்கும் தோன்றாத வழி இந்த வாயாடிக்கு எப்படித் தோன்றியது? பக்தியா, அவளை ஜெயிக்க விடக் கூடாது என்ற பொறாமையா? [தெரியவில்லை. பொறாமை என்று ஒரு வரைவில் எழுதினேன், அடித்துவிட்டேன். பக்தி என்று எழுதினேன், அதையும் அடித்துவிட்டேன்.] சிசேயைப் பார்த்தேன். எப்போது மண்டியிட்டாள் என்று தெரியவில்லை, மண்டியிட்டிருந்தாள்.

மினோரி குனிந்து கேட்டாள்: “எதுக்குடா கையை வச்ச?”

“மிதிச்சா வலிக்கும்ல.”

“யாருக்கு?”

ரின்தாரோ மூக்கின் கீழே இருந்த படத்தைப் பார்த்தான், அவள் காலைப் பார்த்தான்.

“இப்போ எனக்குத்தான்டி வலிக்குது! எறங்கு!”

மினோரி சட்டென்று குதித்து இறங்கினாள். தரையில் உட்கார்ந்து, சிவந்துபோன அவன் கைகள் இரண்டையும் எடுத்து ஊதினாள். அவன் வெட்கப்பட்டு இழுத்துக்கொண்டான்.

பிறகு அவள் சிசே பக்கம் திரும்பினாள். படத்தில் தாவி நின்றதும் கேட்ட அதே கேள்விதான்.

“டீச்சர், நான் ஜெயிச்சேனா, அவுட்டா?”

7

சிசே என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

ஜெயித்தாய் என்றால், அவள் அந்த முகத்தின் மேல் நின்றாள் என்று ஆகிறது. ரின்தாரோவின் கை எதற்காகச் சிவந்தது? அவுட் என்றால், மூன்று நாளாக ஓடிய பிள்ளை, தெரிந்த ஒரே முகத்தை நோக்கி ஓடிய பிள்ளை, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாள், இனி வரவும் மாட்டாள். ரின்தாரோவை ஜெயிக்க வைக்கலாம் என்பீர்கள். அவனையே கேட்டுவிட்டேன். “நானா? நான் ஓடவே இல்லையே அத்தை, படுத்துல்ல கெடந்தேன்” என்கிறான்.

கையேட்டுக்காரர்கள் நாளைக்குள் பட்டியலைக் கேட்கிறார்கள். அனுப்பப்போவது இதுதான்:

விளையாட்டு ஐந்து.

ஆட்கள்: எட்டுப் பேர். ஒருவருக்காவது எதுவும் தெரியாமல் இருக்க வேண்டும்.

தேவையானவை: படங்கள், விசில், இரண்டு கைகள்.

ஆடும் முறை: மேலே சொன்னபடி. கடைசிப் படத்தைத் தயவுசெய்து தரையில் வைக்காதீர்கள். வைத்துவிட்டால், பிள்ளைகள் செய்வதைத் தடுக்காதீர்கள்.

விசிலை உங்களிடம் தருகிறேன். மினோரி உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், உதட்டைக் கடித்தபடி.

வெல்பவர்: