ரால்ஃபிடம் மிஞ்சிய சொல்

ரால்ஃப் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிப் பதினொரு நாட்கள் ஆகியிருந்தன. மூளையில் அடைத்த ரத்தக்கட்டி எல்லாச் சொற்களையும் எடுத்துக்கொண்டு 'ரைட்' என்ற ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தது. தேநீரைக் கண்டாலும் ரைட், மழையைக் கண்டாலும் ரைட். இத்தனை வருடம் அதை ஒரு சொல்லாகவே அவர் மனைவி எட்னா எண்ணியதில்லை. சுரங்கத்துக்குக் கிளம்பும்போது சொன்னால் 'போய்வருகிறேன்' என்று பொருள். சண்டையில் மேசையைத் தட்டிச் சொன்னால் 'என் பக்கம்தான் நியாயம்'. இழுத்துச் சொன்னால் 'நீ சொல்வதை நான் நம்பவில்லை'. இருட்டில், தலையணையருகே மெதுவாகச் சொன்னால் அதற்கு வேறொரு பொருள். இப்போது இழுப்பும் இல்லை, தட்டலும் இல்லை. எல்லாமே ஒரே குரலில், தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் வந்தன.

பார்க்க வருகிறவர்கள் எட்னாவின் முகத்தைத்தான் பார்த்தார்கள். "ஜன்னலச் சாத்தச் சொல்றாரு," என்பாள். "உங்க பையனக் கேக்குறாரு," என்பாள். அவர்கள் முகம் தெளியும்.

"எப்படித்தான் புரியுதோ உங்களுக்கு!" என்றாள் நர்ஸ்.

"நாப்பத்திரெண்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கேன்ல."

தேவாலயத்திலிருந்து வந்தவர்கள் ஏழைகளுக்குக் கொடுக்க அவருடைய பழைய மேல்கோட்டைக் கேட்டார்கள். ரால்ஃப் ரைட் என்றார். "எடுத்துக்கச் சொல்றாரு," என்றாள் எட்னா. அன்று மாலை முழுதும் அவர் வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் லீக்ஸ் போட்டி, யார் வளர்த்தது பெரியது என்று. முப்பது வருடமாக ரால்ஃப் வெங்காயத்தின் அந்தத் தடித்த உறவுக்காரனை வளர்த்தும் முதல் பரிசு வாங்கியதில்லை. இந்த வருடம் போட்டிக்கென்று வளர்த்த மூன்றும் அவருடைய தொடைப் பருமன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சக்கர நாற்காலியில் அவரைத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். கடலிலிருந்து ஏறிய மூடுபனியில் வேலிகள் கரைந்துபோயிருந்தன. பாத்தி மட்டும் எங்கோ மிதப்பதுபோல் இருந்தது. பக்கத்துத் தோட்டத்து கத்பர்ட் மண்கிளறும் பெரிய முள்கரண்டியோடு காத்திருந்தார்.

"என்ன மாப்ள, மகாராஜா மாதிரி வண்டியில வர்ற! கேட்டுக்க. இப்பவே புடுங்கிட்டா பத்திரம். ஆனா வளத்தி அதோட நின்னுரும், என்னோடது உன்னய முந்திரும். விட்டா ரெண்டு நாள்ல இன்னும் பெருக்கும். வெடிச்சிட்டா போட்டி மேசையிலயே வைக்க விடமாட்டான். சொல்லு. புடுங்கவா, விடவா?"

"ரைட்," என்றார் ரால்ஃப்.

கத்பர்ட் முள்ளை மண்ணில் பாதி இறக்கிவிட்டு எட்னாவைப் பார்த்தார். "என்ன தங்கச்சி சொல்றான்?"

அவள் வாயைத் திறந்தாள். ஏதாவது ஒன்று வந்துவிடும், எப்போதும் வந்திருக்கிறது.

"ரைட்," என்றார் ரால்ஃப் மறுபடியும். இடது கை நாற்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. கண்கள் லீக்ஸ்மேல் இல்லை, அவள்மேல் இருந்தன.

"தங்கச்சி, பனி எறங்குது."

எட்னா ஈர மண்ணில் மண்டியிட்டாள். குளிர்ந்த அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கத்பர்டின் உருவம் பனிக்குள் பாதி மறைந்துவிட்டிருந்தது.

"எனக்குத் தெரியல, ரால்ஃப். நீ சொன்னது ஒண்ணுகூட எனக்குப் புரியல. இத்தன நாளா நானாத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."