கையில் போடாத உப்பு

லீவில் வந்த மனுஷன் வாயைத் திறந்தால் நிவேதா மேடம்தான். மேடம் போர் விமானம் ஓட்டுகிறாளாம். விமானப்படையில் கீழே ரேடாரைப் பார்த்து அவளுக்கு வழி சொல்வதுதான் என் வீட்டுக்காரர் சிலம்பரசனுக்கு வேலை. வானத்தில் தனியாகப் பறக்கிறவளுக்கு இவர் குரல்தான் துணையாம். எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் குரல் எனக்கு ஞாயிற்றுக்கிழமை போனில் மட்டும்தான் கிடைக்கிறது, அதுவும் "சாப்டியா" என்பதோடு சரி.

புதுச்சேரி போகிற வழியில் மரக்காணத்தில் எங்கள் வீட்டுக்கும் அந்த மேடம் வந்தாள். வந்ததும் "சிலம்பு" என்று கூப்பிட்டாள். கட்டிய நான் "ஏங்க" என்பதைத் தாண்டியதில்லை. உப்பளம் பார்க்க வேண்டுமென்றாள். இவரே வரப்பில் கூட்டிப்போனார். இருவரும் சிரித்துக்கொண்டே நடந்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன். இது காதல்தான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அவரை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

உப்பளக்காரர்களான நாங்கள் உப்பைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம். கொடுத்தால் இருவருக்கும் சண்டை வந்து பேச்சே நின்றுவிடும். லாரி லாரியாக விற்கிற குடும்பம்தான். ஆனாலும் பக்கத்து வீட்டுக்கு ஒரு பிடி என்றால் கீழே வைத்துத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வோம். அன்று நான் வேண்டுமென்றே இறால் தொக்கில் உப்பே போடவில்லை.

சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒரு வாய் வைத்ததும் அவள் தயங்கினாள். உப்புக் கிண்ணத்தை இவர் முன்னால் வைத்தேன்.

"ஏங்க, நீங்களே மேடம் கையில கொஞ்சம் போடுங்க."

அவளும் கையை நீட்டினாள். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளிவைத்து, எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவளோடு சண்டை வரக்கூடாது என்று எவ்வளவு கவனம். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

சாப்பிட்டு முடித்து அவள் கல்யாணப் பத்திரிகையை எடுத்து என்னிடம் நீட்டினாள். எல்லையில் பதற்றமாக இருந்தபோது நடந்ததையும் சொன்னாள். அவள் திரையில் ஒரு விமானம் தெரிந்திருக்கிறது. நம்முடையதா என்று கேட்கிற கருவிக்கு அதிலிருந்து பதிலே இல்லை. ஏவுகணை தயார். எதிரிதான் என்று அவள் அடித்துச் சொல்ல, கீழேயிருந்து இவர் சுட விடவில்லை. கிட்டே போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். போனால், நம் விமானம். அதிலிருந்த கருவிதான் பழுது.

"அதை ஓட்டிட்டு வந்தவரைத்தான்க்கா கட்டிக்கப் போறேன்," என்றாள். "சிலம்பு அன்னைக்கு ஒரே கேள்விதான் கேட்டாரு. பாத்தீங்களா, இல்ல நெனைச்சீங்களான்னு."

அவள் கை கழுவப் போனாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இவர் தட்டில் தொக்கு அப்படியே இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, குழலி."

அவர் உள்ளங்கையை என்னிடம் நீட்டினார்.

"எனக்கும் உப்பு வேணும். போடு."

நான் கிண்ணத்தைத் தரையில் வைத்து, அவர் பக்கம் தள்ளினேன்.