விதி எண் பதினேழு

பருத்திப்பட்டு ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் அந்தத் தொடக்கப் பள்ளிக்குப் பெயர்ப்பலகையில் மூன்று வரி நீளத்துக்கு ஒரு பெயர் உண்டு. ஊரில் எல்லோருக்கும் அது கிளி ஸ்கூல். சுற்றுச்சுவரில் கிளி வரைய வந்த பெயின்டருக்குப் பாதியில் பச்சை தீர்ந்துபோனது. மிச்சக் கிளிகளுக்கு நீலம் அடித்துவிட்டுப் போய்விட்டான். இதென்ன என்று கேட்ட பெற்றோரிடம், "குழந்தைகளின் கற்பனையைத் தூண்டுவதற்காக" என்றார் தாளாளர் ரகுநாதன். அன்று முதல் நீலக்கிளி பள்ளியின் கொள்கையாகிவிட்டது.

ரகுநாதனுக்குக் கொள்கை என்றால் உயிர். 'பெற்றோர் நெறிமுறைகள்' என்று வழவழ தாளில் அச்சடித்து ஒவ்வொரு ஜூன் மாதமும் வீட்டுக்கு ஒன்று கொடுப்பார். உள்ளே நாற்பத்தோரு விதிகளும் அவருடைய நான்கு புகைப்படங்களும் இருக்கும். நைட்டியோடு கேட்டுக்கு வரக் கூடாது. மதியச் சாப்பாட்டுப் பையைப் பன்னிரண்டு ஐந்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். மஞ்சள் கோடு போன வருஷ மழையிலேயே கரைந்துவிட்டது. ஆனாலும் அது இருந்ததாகத் தங்களுக்கு நினைவிருக்கும் இடத்துக்குப் பின்னால் பெற்றோர் பயபக்தியோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

பதினேழாம் விதிதான் இவற்றில் பெரியது. மூன்று பத்துக்குப் பள்ளி விட்டதும், கார்டில் படம் ஒட்டியிருப்பவர்தான் குழந்தையைக் கூட்டிப் போகலாம். கார்டில் இரண்டே கட்டம்: அப்பா, அம்மா. படம் பொருந்தினால் மட்டும் போதாது. வாட்ச்மேன் குழந்தையிடம் "இது யாரு?" என்று கேட்க வேண்டும், குழந்தை உறவுமுறையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எங்கேயோ ஏதோ நடந்ததாக வாட்ஸாப்பில் வந்த செய்தியைப் படித்த கையோடு தாளாளர் எழுதிய விதி அது. அந்தச் செய்தி பொய் என்று மறுநாள் வந்ததை அவர் படிக்கவில்லை.

இந்த விதியைப் பற்றி முணுமுணுக்காத பெற்றோர் கிடையாது, பஞ்சவர்ணத்தைத் தவிர. அவளுக்கு அது நான்கு வருஷமாகக் கும்பிடத் தகுந்த விதியாக இருந்தது.

ஜோதிகா அவளுடைய தம்பி மகள். தம்பி தேவராஜின் மனைவி டெங்குவில் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு இரண்டு வயது. கல்யாணமாகிப் பதினோரே மாதத்தில் திரும்பி வந்து தம்பி வீட்டோடு தங்கிவிட்ட பஞ்சவர்ணத்தின் இடுப்பில் குழந்தை தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. எல்.கே.ஜி. சேர்க்கப் போனபோது ஆபீஸ் கிளார்க் மோகனப்பிரியா கார்டு படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அத்தைக்குக் கட்டம் இல்லக்கா. கார்டியன்னு போடணும்னா கோர்ட்டு பேப்பர் கேப்பாங்க. பேஜாரு. அம்மா கட்டம் சும்மாத்தான கீது, அதுல ஒட்டிடுங்க."

"தப்பில்லியாம்மா?"

"கட்டம் காலியா இருந்தாத்தான் சார் திட்டுவாரு."

அப்படித்தான் பஞ்சவர்ணம் அம்மா கட்டத்தில் ஏறினாள். அன்றைக்கே பஸ் நிறுத்தத்தில் வைத்துக் குழந்தைக்குப் பாடம் நடந்தது.

"வாட்ச்மேன் மாமா என்னிய காட்டி யாருன்னு கேட்டா, இன்னா சொல்லுவ?"

"அத்தே."

"இல்லடி கண்ணு. அம்மான்னு சொல்லணும்."

"நீ அம்மா இல்லியே."

"கேட்டுல மட்டும்."

"அப்போ ஊட்ல?"

"ஊட்ல அத்தை."

மூன்றரை வயது ஜோதிகா இந்த ஏற்பாட்டை, நாற்பத்தோரு விதி எழுதியவரே பார்த்துப் பாடம் படிக்கிற அளவுக்குச் சுத்தமாகக் கடைப்பிடித்தாள். வாட்ச்மேன் கஜபதி கேட்பார். "அம்மா" என்று கணீரென்று சொல்வாள். கேட்டைத் தாண்டி, சாக்கடை மேல் போட்டிருக்கும் சிமென்ட் பலகையில் கால் வைத்ததும், "அத்தே, தண்ணி" என்பாள். கேட்டுக்கும் பலகைக்கும் ஆறு அடி இருக்கும். அந்த ஆறு அடி தூரத்துக்குப் பஞ்சவர்ணம் அம்மாவாக இருந்தாள்.

போகப் போக அந்த ஆறு அடிக்காகவே மிச்சப் பொழுதெல்லாம் ஓடுகிற மாதிரி ஆகிவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை, காலை ஆறு மணி ஷிஃப்ட். இரண்டு மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பும்போது சூப்பர்வைசர் உதயகுமார் தினமும் வழிமறிப்பார்.

"பஞ்சவர்ணம், ஓ.டி. பாக்கறியா?"

"மூணு பத்துக்கு கேட்டுல நிக்கணும் சார்."

"நாலு வருசமா இதையே சொல்ற. அப்படி இன்னாதான் தர்றாங்கோ அந்த கேட்டுல?"

பஞ்சவர்ணம் சிரித்துவிட்டு ஷேர் ஆட்டோவுக்கு ஓடுவாள். என்ன தருகிறார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமையை அவளுக்குப் பிடிக்காமல் போனது. மழைக்கு லீவு விட்டால் தெருவே கொண்டாடும். அவள் மட்டும் ஜன்னலில் நின்று வானத்தை முறைப்பாள். மே மாதம் முழுக்க வீட்டில் கூடவே இருக்கும் ஜோதிகா ஒரு நாளைக்கு நூறு தடவை "அத்தே" என்று கூப்பிடுவாள். பஞ்சவர்ணம் நூறு தடவையும் ஏன் என்று கேட்டுக்கொண்டே ஜூனுக்குக் காத்திருப்பாள்.

தை மாதத்தில் தேவராஜுக்கு மறுகல்யாணம் ஆனது. திருநின்றவூருக்குப் போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்து, "நல்ல பொண்ணுடா, கட்டிக்க" என்று சொன்னதே பஞ்சவர்ணம்தான். பவித்ரா அங்கேயே ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் அதே கடைக்குப் போய் வந்தாள். வாய்நிறைய "அண்ணி" என்பாள். குழந்தைக்குத் தலை பின்னத் தெரியவில்லையே என்று யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அவளிடம் குறையென்று சொல்ல ஒன்றும் அகப்படாததுதான் பஞ்சவர்ணத்துக்குப் பெரிய குறையாக இருந்தது.

ஜோதிகா மூன்றாம் வகுப்புக்குப் போகும் ஜூனில், அம்மா கட்டத்தில் பவித்ராவின் படத்தோடு புதுக் கார்டு வந்தது. இருபத்திரண்டாம் விதிப்படி, பழைய கார்டை அதில் படம் உள்ளவரே நேரில் வந்து கையெழுத்துப் போட்டு ஒப்படைக்க வேண்டும். பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். மேடையில் ரகுநாதன் மைக்கைப் பிடித்திருந்தார். 'கல்விச் சிற்பி' என்று பேனரில் போட்டிருந்தது. பட்டம் கொடுத்த சங்கத்துக்கும் அவரே தலைவர்.

"நம் பள்ளி பள்ளி அல்ல, ஒரு குடும்பம். இந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு" என்று அவர் முழங்கிக்கொண்டிருந்தபோது, பஞ்சவர்ணம் ஆபீஸ் ஜன்னலில் தன் இடத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வேற எங்கனா என்னிய போட முடியாதாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மோகனப்பிரியா நல்லவள். படிவத்தை உண்மையாகவே தேடிப் பார்த்தாள். "அவசரத்துக்குக் கூப்பிடற நம்பர்னு ஒண்ணு கீதுக்கா. அதுல போட்டுடறேன்."

"போட்டோ?"

"நம்பருக்கு எதுக்குக்கா மூஞ்சி?"

பஞ்சவர்ணம் படிவத்தை எட்டிப் பார்த்தாள். "அப்பா கட்டத்துல தம்பி போட்டோ கீது. அது ஒரு நாளாவது மூணு பத்துக்கு கேட்டுக்கு வந்துக்குதா? அங்க என்னிய ஒட்டக் கூடாதா?"

மோகனப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பறம் பாப்பா உங்கள அப்பான்னுல்ல சொல்லணும்."

பஞ்சவர்ணமும் சிரித்தாள். ஆனால் சிரிப்பதற்கு முன்னால் ஒரு கணம், அது நடக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

கேன்சல் செய்யும் கார்டில் துளை போடுவது வழக்கம். மோகனப்பிரியா பேச்சுவாக்கில் பஞ்சிங் மிஷினை அமுக்க, துளை படத்தின் வாயில் விழுந்தது. "ஐயோ, சாரிக்கா" என்றாள்.

"பரவால்ல. இனிமே அது பேச வேண்டியதில்லியே."

திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பஞ்சவர்ணமே குழந்தையைக் கொண்டுபோய் விட்டாள். விடுவதற்கு யார் வேண்டுமானாலும் வரலாம். கூட்டிப் போவதற்குத்தான் கட்டம். அதே பஸ் நிறுத்தத்தில் நின்று, முடிச்சு அவிழாத ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"இன்னிக்கு பவி சித்திதான் உன்னை இட்டுகினு போக வரும். வாட்ச்மேன் மாமா கேட்டா, அம்மான்னு சொல்லணும். சரியா?"

ஜோதிகா யோசித்தாள். இப்போது அவளுக்கு ஏழரை வயது. கிளாஸ் லீடர் பேட்ஜ் வேறு. "அப்போ நீ?"

"நான் அத்தைதான."

"கேட்டுலயுமா?"

"ம். கேட்டுலயும்."

மூன்று மணிக்குப் பவித்ராவிடமிருந்து போன் வந்தது. ஆவடி பாலத்தில் ஏதோ லாரி நின்றுவிட்டதாம், பஸ் நகரவில்லையாம். "அண்ணி, கொஞ்சம் போய் நில்லுங்களேன். மொத நாளு. யாரும் இல்லேன்னா புள்ள பயந்துரும்."

பஞ்சவர்ணம் பதில் சொல்வதற்குள் செருப்பு காலில் ஏறிவிட்டது. வழக்கமான தண்ணீர் பாட்டிலும் கைக்கு வந்துவிட்டது.

மூன்று பத்துக்கு, இல்லாத மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் அவள் நின்றாள். ஜோதிகா அவளைப் பார்த்ததும் பை குலுங்க ஓடி வந்து கேட்டுக்கு உள்ளே நின்றாள். கஜபதி சுற்றும்முற்றும் பார்த்தார். அவளோடு நான்கு வருஷத்துப் பழக்கம்.

"யக்கா, கார்டு?"

"புதுக் கார்டு தம்பி பொண்டாட்டிகிட்ட கீது. பஸ்ஸு மாட்டிகிச்சாம்."

கஜபதி குரலைத் தாழ்த்தினார். "சார் அந்தப் பக்கமா போட்டோ புட்சிகினு கீறாரு. புள்ள மட்டும் வாயில சொல்லட்டும், நான் டிக் அட்ச்சு உட்டுர்றேன். நீ இட்டுகினு போய்க்கினே இரு." பிறகு குரலை உயர்த்தி, விதிப்படி கேட்டார். "பாப்பா, இது யாரு?"

ஜோதிகா வாயைத் திறந்தாள். நான்கு வருஷத்துச் சொல் உதட்டுக்கு வந்து நிற்பது பஞ்சவர்ணத்துக்குத் தெரிந்தது. சும்மா நின்றால் போதும். இன்னும் ஒரு நாள் கிடைக்கும். நாளைக்கும் லாரி நிற்கலாம். ஆவடி பாலத்தில் லாரிக்கா பஞ்சம்?

குழந்தை அவள் முகத்தையே பார்த்தாள். காலையில் சொல்லிக்கொடுத்தவளிடமே விடை கேட்கிற பார்வை.

பஞ்சவர்ணம் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

"அத்தை" என்றாள் ஜோதிகா.

அந்தக் கேட்டில் அந்தச் சொல் விழுவது அதுதான் முதல் தடவை. கஜபதிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இன்னா யக்கா நீ" என்று முனகினார். அதற்குள் போட்டோ முடித்துக்கொண்டு ரகுநாதன் வந்துவிட்டார்.

"அத்தையா? அத்தைக்கு அனுமதி இல்லையே. எத்தனை வருஷமாக வருகிறீர்கள், பதினேழாம் விதி தெரியாதா?"

"தெரியும் சார்" என்றாள் பஞ்சவர்ணம். அவளைவிட நன்றாக அது யாருக்குத் தெரியும்?

இருபது நிமிஷம் கழித்துப் பவித்ரா வந்தாள். பாலத்திலிருந்தே ஓடி வந்திருக்கிறாள். வியர்வையில் பொட்டு நகர்ந்திருந்தது. கார்டை இரண்டு கையாலும் நீட்டினாள். தாளாளர் அதை வாங்கி, மேலும் கீழும் பார்த்து, கஜபதியிடம் கொடுத்தார். "நடைமுறைப்படி கேளுங்க."

"பாப்பா, இது யாரு?"

ஜோதிகா குனிந்து ஷூ நுனியால் தரையைக் கீறினாள். பவித்ராவின் முகம் மெல்லச் சுருங்கியது. சுற்றிலும் நின்றவர்கள், மஞ்சள் கோட்டை மறந்து, ஒரு எட்டு முன்னால் வந்தார்கள்.

"சொன்னால்தான் அனுப்ப முடியும்மா" என்றார் ரகுநாதன், ஊருக்கே கேட்கும்படி. "குழந்தையின் பாதுகாப்பில் நாங்கள் சமரசம் செய்துகொள்வதில்லை."

பவித்ரா திரும்பிப் பார்த்தாள். "அண்ணி" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

பஞ்சவர்ணம் கம்பிக்குப் பக்கத்தில் போனாள். "சொல்லு கண்ணு. உனக்குத்தான் மனப்பாடமாச்சே. தெனம் சொல்றதுதான?"

ஜோதிகா நிமிர்ந்தாள். எதிரில் பவித்ரா நின்றாள். குழந்தையின் கண் அவளைச் சுற்றிக்கொண்டு, அவள் தோளுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம் வந்து நின்றது.

"அம்மா" என்றாள், கணீரென்று.

கஜபதி தலையைக் குனிந்துகொண்டு நோட்டில் டிக் போட்டார். சொல் எந்தப் பக்கம் பார்த்துச் சொல்லப்பட வேண்டும் என்று விதியில் இல்லை.

"பார்த்தீர்களா?" என்றார் ரகுநாதன், கூடியிருந்தவர்களிடம். "இதுதான் சிஸ்டம்."

கேட் திறந்தது. பவித்ரா குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜோதிகா தானும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பஞ்சவர்ணம் இரண்டடி பின்னால் நடந்தாள். சிமென்ட் பலகை வந்தது. ஜோதிகா கால் வைத்தாள். பஞ்சவர்ணம் பாட்டில் மூடியைத் திருகினாள்.

"இந்தா தண்ணி" என்று பவித்ரா தன் பையிலிருந்து புது பாட்டிலை எடுத்து நீட்டினாள். தாமரைப் பூ போட்டது, குழந்தைக்காகவே வாங்கியது. ஜோதிகா திரும்பி அத்தையைப் பார்த்தாள்.

"குடி" என்றாள் பஞ்சவர்ணம். "எனக்கும் தாகமாத்தான் கீது." தன் பாட்டிலைத் தானே அண்ணாந்து குடித்தாள். கழுத்தெல்லாம் வழிந்தது. துடைத்தபோது கூடவே கண்ணையும் துடைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

"நீங்க முன்னால போங்க. ஒரு போன் பேசிட்டு வர்றேன்."

அவர்கள் இருவரும் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நீலக்கிளி ஓரமாக ஒதுங்கி நின்று உதயகுமாருக்கு அடித்தாள்.

"சார், ஓ.டி. சொன்னீங்களே. நாளைலேர்ந்து எழுதிக்குங்க."

அவருக்கு நம்ப முடியவில்லை. "நெசமாவா? எத்தினி மணி வரிக்கும் போடட்டும்?"

பஞ்சவர்ணம் கேட்டைப் பார்த்தாள். கஜபதி சங்கிலி போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தினியாவது போடுங்க சார்" என்றாள். "மூணு பத்து தாண்டினா போதும்."