எரிந்த ஆலையின் கணக்கு

திஸா ஆற்றங்கரையில் பழைய மாவு ஆலை ஒன்று வேண்டும் என்றான் சிலார்ட். கிடைக்கவில்லை. ஓக் மரத்தில் புதிதாகக் கட்டி, அழுக்குப் பூசிப் பழசாக்கி, கடைசி நாளில் கொளுத்தினோம். அவன் இயக்குநர், நான் தயாரிப்புக் கணக்காளர். அவன் கொளுத்துவான், நான் பில் தேடி அலைவேன்.

ஹங்கேரியில் படத்துக்குச் செய்த செலவில் ஒரு பங்கை அரசாங்கம் திருப்பித் தரும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். சரிபார்க்க வந்தவர் பிரோஷ்கா அம்மையார்.

"இவ்வளவு ஓக் மரம் வாங்கியிருக்கீங்க. ஆலை எங்கம்மா?"

"எரிச்சுட்டோம் மேடம்."

"எரிச்சுட்டீங்களா?"

"கதையில எரியுது."

"அப்ப படத்தைப் போடுங்க, பாத்துடலாம்."

எடிட்டிங் அறைக்குக் கூட்டிப் போனேன். படம் ஓடியது. நாயகி அழுதாள், நாரைகள் பறந்தன. ஆலை மட்டும் எரியவே இல்லை.

"தீ எங்கடா?" சிலார்டின் காதோடு கேட்டேன்.

"தூக்கிட்டேன் எமோக்கே. தீயைக் காட்டாம விட்டாத்தான் பாக்கிறவன் மனசு எரியும்."

"என் வயிறு எரியுதே, அது போதாதா?"

வேறு வழியில்லை. அன்று கேமராவில் பிடித்ததை அப்படியே போடச் சொன்னேன். சிலார்ட் பதறினான். "அதெல்லாம் எதுக்கு? மேடத்துக்குப் போரடிக்கும்." எரிச்சலில் நானே பொத்தானை அழுத்தினேன்.

அழகான தீதான். முன்சுவர் சரிந்து விழுந்தது. அதற்குப் பின்னால் கோதுமை வயல் தெரிந்தது. பக்கச் சுவர் இல்லை, கூரை இல்லை, ஒன்றுமே இல்லை.

"மிச்ச ஆலை எங்கம்மா?" என்றார் அம்மையார்.

சத்தியமாக எனக்குத் தெரியவில்லை; கொளுத்திய அன்று நான் ஆபீஸில் பில்களோடு இருந்தேன். சிலார்ட் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேமராவுக்கு ஒரு பக்கம்தானே தெரியும்," என்றான் மெல்ல. "மிச்சத்தை முந்தின நாளே பிரிச்சு பாலட்டோன் ஏரிக்கு ஏத்திட்டேன். அங்க கரையில என் வீட்டுத் தாழ்வாரத்துக்கு... எப்படியும் எரியப்போற மரம்தானே!"

அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நான் மீன் சூப் குடித்திருக்கிறேன். என்ன அருமையான மரம் என்று பாராட்டிவிட்டு வேறு வந்திருக்கிறேன்.

அம்மையார் பெருமூச்சு விட்டார். "இதை நான் எழுதினா மொத்தப் படத்துக்கும் பணம் நின்னு போயிடும். நீங்களே திருத்திக் குடுத்துடுறீங்களா?"

அங்கேயே உட்கார்ந்து அந்த மரத்தைச் செலவிலிருந்து நீக்கினேன். அதன் விலையை சிலார்டின் சம்பளத்தில் பிடித்தேன்.

"கலைஞன் சம்பளத்துலயே கை வைக்கிறியா?" என்று கத்தினான்.

"கம்பெனி மரத்துல நீ கை வைக்கலையா? போடு கையெழுத்தை."

போட்டான். அரசாங்கப் பணம் கொஞ்சம் குறைந்து வந்து சேர்ந்தது. குளிர்காலம் முழுக்க அவன் என்னோடு பேசவில்லை. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

வசந்தம் பிறந்ததும் போன் வந்தது. "எமோக்கே, அடுத்த படத்துல ஒரு கப்பல் மூழ்குது. கணக்கை நீதான் பாக்கணும். வேற யார் மேலயும் எனக்கு நம்பிக்கையில்ல."

தலையில் அடித்துக்கொண்டேன். கப்பல் மூழ்கும்போது கரையில் நானும் நிற்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சம்மதித்தேன்.